எஸ்டிமேட்டுக்கும் கூலி உண்டு

வீடு கட்ட ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே இன்ஜினியரின் வேலை தொடங்கிவிடுகிறது. மனையை அளந்து பத்திரத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். மண்ணின் தன்மையை அறிய வேண்டும். வீட்டாரின் தேவையைக் கேட்டு பிளான் வரைந்து, அதற்கு எஸ்டிமேட் போட வேண்டும். இந்த வேலைக்குத் தனிக் கட்டணம் கேட்பது நியாயம்தானா என்ற கேள்வி குச்சனூர், சின்னமனூர் போன்ற கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் இன்னும் தீரவில்லை. “வேலைய நமக்கே குடுங்கண்ணே, பிளானுக்குத் தனியா எதுவும் வேணாம்” என்ற பேச்சில்தான் பல வீடுகள் எழும்புகின்றன.

சதுர அடிக்கு இவ்வளவு என்று வாயால் சொல்வது எஸ்டிமேட் ஆகாது. அது முன்பு கட்டிய வீடுகளை வைத்துச் சொல்லும் ஒரு குத்துமதிப்பு. வாய்க்கால் பாயும் நெல்வயலை ஒட்டிய மனைக்கும் மேட்டாங்காட்டு மனைக்கும் அஸ்திவார வானம் ஒரே ஆழத்தில் நிற்காது. சதுர அடி ரேட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எஸ்டிமேட் என்பது சுவர் சுவராக அளந்து போடும் கணக்கு. 20 அடி நீளம், 10 அடி உயரம், 9 அங்குல கனம் உள்ள ஒரு சுவர் 150 கன அடி. கன அடிக்கு சுமார் 13.5 செங்கல் என்ற வழக்கக் கணக்கில் ஏறத்தாழ 2,025 கல் வேண்டும். அதில் மூன்றரைக்கு ஏழடியில் ஒரு வாசல் வந்தால் 18 கன அடி கழியும். அதாவது, கழிக்க மறந்த ஒரே ஒரு வாசல் சுமார் 250 கல்லைக் கூட்டிவிடும்.

தளத்தில் இது இன்னும் பெரிதாகும். 1,000 சதுர அடித் தளத்தை 5 அங்குல கனத்தில் போட்டால் கான்கிரீட் சுமார் 11.8 கன மீட்டர். 1:1½:3 கலவையில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 8 மூட்டை என்று வைத்தால் சிமெண்ட் மட்டும் 95 மூட்டைக்கு அருகில் வரும். ஓர் அங்குல வித்தியாசம் 19 மூட்டை. அந்த அங்குலத்தைக் குறைக்கலாமா கூடாதா என்பதை அறையின் அகலமும் கம்பியின் கணக்கும் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். இப்படி நாள்கணக்கில் உட்கார்ந்து செய்யும் வேலையைத்தான் இலவசம் என்கிறோம்.

உண்மையில் அது இலவசமாக இருப்பதில்லை. பத்துப் பேருக்கு எஸ்டிமேட் போட்டு மூன்று வேலை கிடைத்தால், மற்ற ஏழு பேருக்காக உழைத்த செலவு அந்த மூன்று வீட்டின் ரேட்டில்தான் ஏறும். கட்டுகிறவர் கட்டாதவருக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். இதைவிடக் கெடுதலான விளைவு ஒன்று உண்டு. கூலி இல்லாத கணக்கு அவசரக் கணக்காகிவிடுகிறது. வேலையைப் பிடிப்பதற்காகத் தொகை குறைத்துச் சொல்லப்படுகிறது. பிறகு செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, காம்பவுண்டு சுவர், லாஃப்ட் என்று ஒவ்வொன்றாக ‘எக்ஸ்ட்ரா’ முளைக்கிறது. நகையை அடகு வைத்துத் தளம் போட்ட குடும்பம் பூச்சு வேலையில் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான்.

திட்டமிடும் உழைப்புக்குத் தனி மதிப்பு உண்டு என்பதற்கு இந்தப் பள்ளத்தாக்கை வாழவைக்கும் பெரியாறு அணையே சாட்சி. 1808-இல் ஜேம்ஸ் கால்டுவெல் ஆய்வு செய்து, மேற்கே பாயும் ஆற்றைக் கிழக்கே திருப்புவது நடவாத காரியம் என்று அறிக்கை தந்தார். 1860-களில் மேஜர் ரைவ்ஸ் மண்ணணைத் திட்டம் ஒன்றைத் தயாரித்தார். 1882-இல் பொறியாளர் பென்னிகுயிக்கிடம் திட்டத்தையும் மதிப்பீட்டையும் திருத்தும் பொறுப்பு வந்தது. 1884-இல் ஒப்புதல், 1886-இல் திருவிதாங்கூருடன் குத்தகை, 1887-இல் கட்டுமானம். முதல் கல் விழுவதற்கு முன் பல தலைமுறைப் பொறியாளர்கள் அரசின் ஊதியத்தில் அளந்தும் வரைந்தும் இருக்கிறார்கள். முடியாது என்று எழுதிய அறிக்கைக்கும் அந்த ஊதியம் உண்டு. ‘இந்த மனையில் இந்தப் பணத்துக்கு மாடி வேண்டாம்’ என்று ஓர் இன்ஜினியர் துணிந்து சொல்ல வேண்டுமானால், கட்டாத வீட்டுக்கும் அவருக்குக் கூலி கிடைக்க வேண்டும்.

கட்டணத்தை மொத்தத் தொகையாகவோ, சதுர அடிக்கு இவ்வளவு என்றோ, கட்டுமானச் செலவில் ஒரு சதவீதமாகவோ பேசலாம். சிறிய வீடுகளுக்கு மொத்தத் தொகையே சண்டையில்லாத வழி. வேலை அதே இன்ஜினியருக்குக் கிடைத்தால் அந்தத் தொகையை ஒப்பந்தத்தில் கழித்துக்கொள்வதாக எழுதினால் வீட்டாருக்கும் மனத்தாங்கல் இராது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டடக் கலைஞர் கவுன்சிலின் வழிகாட்டுதலும் கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறது. முதல் வரைபடமும் தோராயச் செலவும் தந்தவுடனே ஒரு பங்கு சேர வேண்டும் என்கிறது. எத்தனை முறை பிளானை இலவசமாகத் திருத்தித் தருவது, அளவு விவரத்தோடு எஸ்டிமேட் உண்டா, கம்பி வரைபடம் சேர்ந்ததா என்பதையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும்.

அனுமதிக்கு அரசு வாங்கும் கட்டணம் வேறு, வரைந்தவரின் கூலி வேறு. 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோர் ஆன்லைனில் உடனே அனுமதி பெறலாம். அதற்கும் விதிப்படி வரைந்த பிளான் வேண்டும். விட வேண்டிய இடைவெளி தவறினால் பொறுப்பு சான்றளித்த உரிமையாளர் தலையில் விழும்.

எதுவும் எழுதாமல் வேலை வாங்கிவிட்டுக் கைவிரித்தால் என்ன ஆகும்? வில்லியம் லேசி என்ற கட்டுமான நிறுவனம் தொடுத்து, 1957-இல் லண்டனில் முடிந்த வழக்கு புகழ்பெற்றது. ஒப்பந்தம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அந்த நிறுவனம் மதிப்பீடுகளை மீண்டும் மீண்டும் போட்டுத் தந்தது. உரிமையாளரோ அவற்றைப் பயன்படுத்திக்கொண்டு, கடைசியில் கட்டடத்தையே விற்றுவிட்டார். நியாயமான கூலி தர வேண்டும் என்று தீர்ப்பானது. இந்தியாவில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது: இனாமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் முறையாகச் செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால் ஈடு தர வேண்டும். மேற்கு வங்க அரசுக்கு எதிரான பி.கே.மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961-இல் இப்பிரிவின்படியே ஒப்பந்ததாரருக்குப் பணம் கிடைக்கச் செய்தது. ஆனால் போட்டி டெண்டருக்காகப் போடும் சாதாரணக் கணக்கு இதில் சேராது. அது தொழில் தேடும் செலவு.

பணம் கொடுத்த பிளானை வேறு மேஸ்திரியிடம் கொடுத்துக் கட்டலாமா என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வரைபடத்தையும் கலைப் படைப்பாகவே கொள்கிறது. அந்த ஒரு மனையில் ஒரு வீட்டுக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால், பிளான் யார் கையில் இருந்தாலும் தகராறுக்கு இடமில்லை.