ஜீப் வாங்க முன் கீழே குனிந்து பாருங்கள்

கையில் நாலு காசு சேர்ந்தால் ஜீப் ஒன்று வாங்க வேண்டும் என்பது நம் வியாபாரிகள் பலரின் ஆசை. குடும்பத்துக்கும் உதவும், வயலுக்கும் தோட்டத்துக்கும் போகும் என்பார்கள். ஆசையில் தவறில்லை. ஆனால் அதில் போடுவது கடையில் சுழல வேண்டிய முதல். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. வரியோ கடுமை. ஆகவே பலரும் பழையதைத்தான் தேடுகிறார்கள். பழையதை வாங்கும்போது கவனமும் கூட வேண்டும்.

உயரமாக நிற்பதெல்லாம் ஜீப் அல்ல. 2002 முதல் 2009 வரை வந்த டொயோட்டா பிராடோ 120 ஐ உதாரணத்துக்கு எடுப்போம். ஏணி போன்ற இரும்புச் சேஸியின் மேல் அதன் உடல் அமர்ந்திருக்கிறது. நான்கு சில்லுகளுக்கும் எப்போதும் இழுவை உண்டு. ஒரு சில்லு சேற்றில் வீணாகச் சுழன்றால் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டி, முன்னுக்கும் பின்னுக்கும் சமமாக இழுக்க வைக்கலாம். லோ கியரில் வேகம் சுமார் இரண்டரை மடங்கு குறைய, இழுவை அதே அளவு கூடும். செங்குத்தான இறக்கத்தில் பிரேக் சூடாகாமல் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

குடும்பத்துக்கு? மூன்றாம் வரிசை சிறுவர்களுக்கே சரி. அதை விரித்தால் பெட்டி வைக்க இடமில்லை. மலைநாட்டு வளைவுகளில் கார் போல நிதானமாக இராது, சரியும். எண்ணெயும் கூடக் குடிக்கும்.

பார்க்கப் போகும்போது மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். கரையோர ஊர்களில் ஓடிய வண்டியின் சேஸியைத் தட்டிப் பாருங்கள். நான் பார்த்த ஒன்றில் புதிதாக அடித்த கறுப்புப் பெயின்டுக்குள் துரு பொருக்காக நின்றது. லோ கியரையும் பூட்டையும் கிரவல் பாதையில் போட்டுப் பாருங்கள். பல வருடம் தொடாததால் இறுகியிருக்கலாம். தார் ரோட்டில் பூட்டைப் போட்டுத் திருப்ப வேண்டாம், கியர்களுக்குக் கேடு. 3 லீட்டர் டீசல் என்றால் காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இன்ஜெக்டர் அடியிலுள்ள செப்பு வாஷர் கசிந்தால் கரி ஒயிலில் கலந்து, ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்து, என்ஜினையே கெடுத்துவிடும். பதிவுப் புத்தகத்திலுள்ள சேஸி இலக்கத்தையும் வண்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. வருடத்தில் எத்தனை நாள் லோ கியர் உங்களுக்குத் தேவைப்படும்? நாலைந்து நாள்தான் என்றால் அந்த நாட்களுக்கு வாடகைக்கு எடுங்கள். குடும்பத்துக்கு ஒரு வேன் போதும். மிச்சப் பணம் கடையில் சரக்காக இருக்கட்டும். வாரந்தோறும் சேற்றுப் பாதைதான் என்றால் நல்ல சேஸியுள்ள பிராடோ போட்ட முதலுக்கு உழைக்கும்.