வீட்டுக்கு அனுப்புவதா? பக்கத்தில் உட்கார வைப்பதா?

பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் தப்பு செய்கிறான். "ஒரு வாரம் இந்தப் பக்கமே வராதே. வீட்டுக்குப் போ!" என்கிறார்கள்.

இதற்குப் பெயர் "சஸ்பெண்டு."

பையனுக்கு இது தண்டனையா, அல்லது விடுமுறையா?

தர்மபுரி மாவட்டத்தில் நடந்த ஒரு சம்பவத்தைப் பார்ப்போம்.

உடைந்த நாற்காலி

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம். பாலக்கோட்டை அடுத்த அமானி மல்லாபுரம் அரசு மேல்நிலைப் பள்ளி.

செய்முறைத் தேர்வு முடிந்தது. மாணவர்களுக்கு ஒரே குஷி. குஷி எல்லை மீறியது. வகுப்பறையில் இருந்த மேஜை, நாற்காலிகளைப் போட்டு உடைத்தார்கள். மாணவிகளும் அதில் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் படம் செல்போனில் ஊர் ஊராகப் பரவியது.

விசாரணை நடந்தது. மாணவ-மாணவிகள் சிலர் சில நாட்களுக்கு சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

உடைத்தது தப்புதான். அது மக்களின் வரிப்பணத்தில் வாங்கிய மேஜை. அடுத்த வருடம் ஒரு தம்பியோ தங்கையோ உட்கார வேண்டிய நாற்காலி. சும்மா விட முடியாது.

ஆனால், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினால் உடைந்த நாற்காலிக்குக் கால் முளைத்துவிடுமா?

வீட்டில் யார்?

தர்மபுரி வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் வேலை இல்லை. பெங்களூருக்கும், திருப்பூருக்கும், கேரளாவுக்கும் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் ஏராளம். அப்பாவும் அம்மாவும் வெளியூரில். பிள்ளை பாட்டியிடம்.

இப்படிப்பட்ட ஒரு பையனை வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? பாட்டி காலையிலேயே ஆடு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். பையனைக் கவனிக்க ஆள் கிடையாது. முதல் நாள் செல்போன் பார்ப்பான். இரண்டாம் நாள் ஊர் சுற்றுவான். மூன்றாம் நாள், "சும்மா இருக்கிறாயே, வா" என்று யாராவது கூப்பிடுவார்கள். தக்காளி மண்டியில் பெட்டி தூக்குவான். சாயங்காலம் கையில் பணம்!

பணத்தைப் பார்த்த கைக்குப் புத்தகம் கசக்கும்.

பெண் பிள்ளையின் கதை இன்னும் மோசம். "பள்ளிக்கூடத்தில் பெயரைக் கெடுத்துக்கொண்டாள்" என்று ஊர் பேசும். பெற்றோருக்குப் பயம் வந்துவிடும். மாப்பிள்ளை தேடத் தொடங்குவார்கள். 18 வயதுக்கு முன்பு பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் இந்த மாவட்டத்தில் அந்தக் குற்றம் இன்னும் ஒழிந்தபாடில்லை. பள்ளிக்கூடம் போகிற வரையில்தான் அவளுக்கு வேலி இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2009ஆம் ஆண்டில் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. 8ஆம் வகுப்பை முடிக்கிற வரையில் எந்தப் பிள்ளையையும் பள்ளியில் இருந்து நீக்கக்கூடாது என்கிறது அந்தச் சட்டம். அடிக்கவும் கூடாது, மனம் நோகும்படி இம்சை செய்யவும் கூடாது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2003ஆம் ஆண்டிலேயே, பிரம்படிக்கு இடம் தந்த பழைய விதியை எடுத்துவிட்டார்கள்.

9ஆம் வகுப்புக்குப் போன பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அப்படித்தான். 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைக்கவே கூடாது. அதற்கு மேல் 18 வயது வரையில், ஆபத்தான வேலைகளுக்கு மட்டுமே தடை. இரண்டு வேலிகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் முடிகின்றன. மீசை அரும்பும் வயது. வம்பு வளர்க்கிற வயதும் அதுதான்!

"அடிக்கவும் கூடாது, அனுப்பவும் கூடாது என்றால் வாத்தியார் என்னதான் செய்வார்?" என்று கேட்பீர்கள்.

நியாயமான கேள்வி.

ஐந்து குறள்

2022ஆம் ஆண்டு மே மாதம். ஆசிரியர்களிடம் மாணவர்கள் முறைகேடாக நடப்பதாகப் பல ஊர்களில் இருந்து புகார் வந்தது. "ஒழுங்கீனமாக நடந்தால் பள்ளியில் இருந்து நீக்கப்படுவார்கள். காரணம் டி.சி.யிலும் எழுதப்படும்" என்று அப்போதைய பள்ளிக்கல்வி அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி சட்டசபையில் சொன்னார்.

அதே ஆண்டில், கல்வித் துறை வேறொரு வழியையும் காட்டியது.

முதல் தடவை தப்பு செய்தால், ஆலோசகர் கூப்பிட்டுப் பேச வேண்டும். மறுபடியும் செய்தால், பையனுக்கு வேலை கொடுக்க வேண்டும். என்ன வேலை? ஐந்து திருக்குறளைப் படித்துப் பொருளோடு எழுதிக் காட்டுவது. முதலுதவி செய்யக் கற்றுக்கொண்டு மற்றவர்களுக்குக் காட்டுவது. காய்கறித் தோட்டம் போடுவது. ஒரு வாரம் வகுப்புத் தலைவனாக இருப்பது. குறும்புக்காரன் கையிலேயே வகுப்பைக் கொடுப்பது நல்ல தந்திரம்!

இன்னொன்று, வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டு நீதிக் கதைகள் கேட்டு வந்து வகுப்பில் சொல்வது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஆடு மேய்க்கப் போகும் பாட்டிக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கிடைத்துவிடுகிறது அல்லவா?

குறளைத் தண்டனை ஆக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். "எழுதித் தொலை" என்று நோட்டை வீசினால் அது தண்டனை. பக்கத்தில் உட்கார்ந்து பொருள் சொன்னால் அது பாடம்.

அமெரிக்காவில்

அமெரிக்காவில் 1990களில் கண்டிப்பு அதிகமானது. சின்னத் தப்புக்கும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதனால் பள்ளிகள் திருந்தினவா? அந்நாட்டு மனநூல் அறிஞர்களின் சங்கம் ஒரு குழு போட்டு ஆராய்ந்தது. அதன் அறிக்கை 2008ஆம் ஆண்டில் அச்சாகி வந்தது. அந்தக் கண்டிப்பால் பள்ளிக்கூடங்களுக்குப் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை என்றது அறிக்கை.

இப்போது அங்கே பல பள்ளிகளில் தனி அறை இருக்கிறது. தப்பு செய்த மாணவன் வீட்டுக்குப் போவதில்லை. அந்த அறையில் உட்கார்ந்து அன்றைய பாடத்தைப் படிக்கிறான். கூடவே ஒரு பெரியவர் இருக்கிறார்.

அறை கிடைத்துவிடும். ஒரு மரத்தடி போதும். அந்தப் பெரியவருக்குத்தான் பஞ்சம்!

கூட இருப்பவர்

நம் அரசுப் பள்ளிகளில் ஓர் ஆசிரியருக்கு நாள் முழுவதும் வகுப்பு. ஆலோசகர் எல்லாப் பள்ளியிலும் இல்லை. பிறகு யார் உட்காருவது?

மாதம் ஒரு முறை கூடும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோர்கள்தான் அதிகம். உடற்பயிற்சி ஆசிரியர் இருக்கிறார். ஊரில் ஓய்வு பெற்ற வாத்தியார் இருப்பார். முறை வைத்துக்கொண்டு வந்தால், ஐந்து நாளை ஓட்டிவிடலாம்.

வருகிறவர் போலீஸ்காரர் போல முறைக்கக் கூடாது. முதல் மணி நேரம் தப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். "சாப்பிட்டாயா?" என்று கேட்கட்டும். சாப்பிடாமல் வந்த பிள்ளைக்குக் கோபம் சீக்கிரம் வரும். பிறகு அன்றைய கணக்கை எடுத்து வைக்கட்டும். கணக்குப் புரியாத வெட்கத்தில் வகுப்பில் கலாட்டா செய்கிற பையன்கள் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்தால் அது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பெஞ்சை உடைத்தவன் பெஞ்சைச் சரி செய்யட்டும். தச்சரைக் கூப்பிட்டு, கூட நின்று பலகை பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு பெஞ்சு செய்வதற்கு எவ்வளவு பாடு என்று கை தெரிந்துகொள்ளும்.

தகப்பனாரைக் கூப்பிட்டால், எல்லோர் எதிரிலும் நிற்க வைத்துத் திட்டாதீர்கள். பெங்களூரில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். அவமானப்பட்டால், வீட்டுக்குப் போய்ப் பையனை வெளுத்துவிடுவார். மறுநாள் பையன் வரமாட்டான்.

ஐந்தாம் நாள் முடிந்ததும் பையனைத் தனியாக வகுப்புக்கு அனுப்பக் கூடாது. கூட இருந்தவரே அழைத்துப் போக வேண்டும். "விட்டுப்போன பாடத்தை எழுதிவிட்டான் சார்" என்று வகுப்பு ஆசிரியரிடம் நோட்டைக் கொடுக்க வேண்டும். அவன் பழைய இடம் காலியாக இருக்க வேண்டும்.