கரும்பாண்டம் கண்ட மரியா அம்மையார்

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாகாணத்தில், ரியோ கிராண்டே நதிக்கரையிலுள்ள சான் இல்டிஃபான்ஸோ என்னும் சிற்றூரில், தேவா மொழி பேசும் ஆதிகுடியில் தோன்றி, 1980இல் மறைந்த மரியா மார்டினெஸ் அம்மையார், கைத்தொழில் ஒன்றைக்கொண்டே தமக்கும் ஊரார் பலருக்கும் ஜீவனோபாயம் தேடித் தந்தவர். கடைத்தெருவின் தகரப் பாத்திரங்கள் மட்பாண்டங்களை அடுக்களையிலிருந்து விரட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1908ஐ ஒட்டி அப்பக்கத்தில் அகழ்வாராய்ச்சி நடத்திய எட்கர் ஹெவெட், மண்ணுள் கிடைத்த பழைய ஓடுகளைக் காட்டி, அவை போன்ற பாண்டங்களைச் செய்து தருமாறு வேண்டியது மரியாவுக்கு ஒரு திருப்பமாயிற்று.

அவ்வூர்க் குயத்தொழிலில் திரிகை கிடையாது. சூட்டில் வெடியாதிருக்க எரிமலைச் சாம்பல் கலந்து பிசைந்த களிமண்ணைத் திரித்திரியாக உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, சுரைக்குடுக்கைச் சில்லால் வழித்துச் சமன்செய்து, உலர்ந்தபின் காவிக் குழம்பு பூசி, அது காய்ந்துவிடுமுன் கூழாங்கல்லால் விடாது தேய்த்து மெருகேற்றுவார் மரியா. அம்மெருகின்மேல் அவர் கணவர் ஜூலியன், யூக்கா இலைத் தூரிகையால், கொம்புடைய நீர்ச்சர்ப்பத்தையும் இறகு வரிசையையும் மண்குழம்பால் எழுதுவார்.

இவ்வளவும் சிவப்புத்தான், கறுப்பாக்குவது நெருப்பு. பாண்டங்களைத் தகடுகளால் மூடி, சுற்றிலும் வறட்டி அடுக்கி எரித்து, தக்க பதத்தில் குதிரைச்சாணத் தூளைக் கொட்டி நெருப்பை அமுக்கினால், உள்ளே பிராணவாயு அற்றுப்போகிறது. மூச்சடைத்த நெருப்பில் எழும் கரியமில வாயுவின் குறை வடிவமான கார்பன் மோனாக்ஸைடு, காவியிலுள்ள இரும்புத் துருவிலிருந்தே பிராணவாயுவைப் பறித்துக்கொள்ள, சிவந்த துரு கறுத்த இரும்பு ஆக்ஸைடாக மாறுகிறது; புகைக்கரியும் உள்ளே படிகிறது. மெருகிட்ட இடம் கண்ணாடிபோல் மின்ன, குழம்பால் எழுதிய இடம் மட்டும் ஒளியின்றி நிற்பதால், கறுப்பின்மேல் கறுப்பாகவே சித்திரம் புலப்படும். 1919ஐ ஒட்டி இத்தம்பதியர் கண்ட முறை இது. சூடு மிகுந்தால் மெருகு கெடுமாதலால், குறைந்த சூட்டிலேயே சுடுவர். அதனால் இவை நீர் தாங்கா, அழகுக்கே உரியவை.

வெளியாரின் தூண்டுதலால் 1920களில் பாண்டத்தின் அடியில் தம் பெயரைப் பொறிக்கலானார் அம்மையார். பெயருள்ள பாண்டம் கூடுதல் விலைக்குப் போவதைக் கண்டு அண்டை வீட்டுப் பெண்களும் வந்து கேட்கவே, அவர்கள் வனைந்தவற்றிலும் தயங்காது தம் பெயரை எழுதிக் கொடுத்தார். தொழில்நுட்பத்தையும் ஒளிக்காது கற்பித்தார். தனியுடைமை பாராட்டும் சந்தைக்கு அது விசித்திரமாகத் தோன்றினும், ஊர் முழுதும் பிழைக்க வழிவகுத்தது அந்தத் தாராளமே.