கழுவுதொட்டிக்குக் கீழே

சிங்கப்பூரின் சிராங்கூன் நீர்த்தேக்கத்தின் கிழக்குக் கரையில் மண்ணுக்குள் ஒரு சுவர் இருக்கிறது. ஆழம் 18 மீட்டர், நீளம் 6.4 கிலோமீட்டர். லோரோங் ஹாலுஸ் பக்கம் காலைநடை போகிறவர்களின் கண்ணில் அது படாது. 1970 முதல் 1999 வரை அங்கே நகரத்தின் குப்பையைக் கொட்டினார்கள். 1999 ஏப்ரலில் செமக்காவ் தீவுக் குப்பைநிலம் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. பின்னாளில் சிராங்கூன் ஆற்றை அடைத்துக் குடிநீர்த் தேக்கமாக்க முடிவெடுத்தபோது, பழைய குப்பைமேட்டிலிருந்து ஊறும் கசிவுநீர் அதில் கலந்துவிடாமல் தடுக்க வேண்டியிருந்தது. அதற்கு எழுப்பியதுதான் இந்தச் சுவர். தடுக்கப்பட்ட கசிவுநீரை இறைத்து நாணல் பாத்திகளில் விட்டு, ஓரளவு தூய்மையானதும் கழிவுநீர் நிலையத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது 2011இல். கடைசி லாரி குப்பை விழுந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் மேட்டுக்குக் காவல் தேவைப்பட்டது. லோரோங் ஹாலுஸ் பொதுக் குப்பைமேடு. ஆய்வுக்கூடக் கழிவுக்கென்று வைத்த இடமன்று. ஆனாலும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிற எவரும் அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பேன். எல்லாம் கலந்துவிட்ட பிறகு எதையும் பிரிக்க முடியாது, சுற்றிச் சுவர் கட்டத்தான் முடியும்.

ஆய்வுக்கூடக் கழிவில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. வீட்டுக் குப்பையைப் பார்த்தால் இன்னதென்று தெரியும். நிறமற்ற திரவம் பாதியளவு நிற்கும் ஒரு போத்தலைப் பார்த்து என்ன சொல்ல முடியும்? அதில் என்ன இருக்கிறது என்பது ஊற்றியவருக்கு மட்டுமே தெரியும், அதுவும் சில நாள்களுக்குத்தான். நைட்ரிக் அமிலக் கழிவு இருக்கும் போத்தலில் ஒருவர் தெரியாமல் எத்தனாலை ஊற்றி மூடியை இறுக்கிவிட்டால், உள்ளே வாயு மெல்லமெல்லப் பெருகி, சில மணி நேரம் கழித்து, ஆளில்லாத அறையில்கூட, போத்தல் வெடித்துச் சிதறலாம். ஈதர் போத்தலைத் திறந்து நெடுங்காலம் அலமாரியில் விட்டுவைத்தால் பெராக்சைடு உருவாகி மூடியோரம் படிகமாகப் படியும். அந்த மூடியைத் திருகுவதே ஆபத்து. குளோரோஃபார்ம் போன்ற குளோரின் கலந்த கரைப்பான்களைத் தனிக் கலனில் சேர்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. எரிக்கும்போது அவை ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைத் தரும், எரிப்பு சரியாக அமையாவிட்டால் டையாக்சினும் உருவாகலாம். அதற்கேற்ற உலை வேண்டும். ஆகவே கழிவைப் பிரிக்க வேண்டிய இடம் அது பிறக்கிற மேசைதான். முதல் சொட்டு விழுமுன் போத்தலில் சீட்டு ஒட்டப்பட்டிருக்க வேண்டும். சூத்திரச் சுருக்கம் போதாது. துப்புரவு ஊழியரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி முழுப்பெயர், ஆபத்தின் வகை, தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

“எங்களிடம் சேர்வது சில லிட்டர்தானே, தொழிற்சாலைகளை விட்டுவிட்டு எங்களைப் பிடிப்பானேன்?” என்று கேட்பவர்கள் உண்டு. தொழிற்சாலைக் கழிவின் அளவு பெரிது என்பது உண்மை. ஆனால் அங்கே ஒரே வகைக் கழிவு ஆண்டு முழுக்க வரும், அதற்கென்று சுத்திகரிப்பு அமைக்கலாம். ஆய்வுக்கூடத்தில் வாரத்துக்கு ஒரு கலவை. அதோடு, சிங்கப்பூரில் கழுவுதொட்டியில் ஊற்றியது தொலைந்துபோவதில்லை. கழிவுநீரின் ஒரு பகுதி சாங்கி போன்ற நிலையங்களில் சுத்திகரிக்கப்பட்டு, 2003இல் அறிமுகமான புதுநீராகத் திரும்புகிறது. பெரும்பகுதி தொழில்துறைக்குப் போகிறது, வறண்ட மாதங்களில் நீர்த்தேக்கங்களிலும் சேர்க்கப்படுகிறது. புதுநீர் நிலையத்தின் சவ்வு உப்பையும் கிருமியையும் தடுப்பதில் மிகத் திறமையானது. ஆனால் மின்னூட்டமில்லாத சின்னஞ்சிறு மூலக்கூறுகளில் ஒரு பகுதி அதைத் தாண்டிவிடும். இதேபோல் கழிவுநீரை மீட்டெடுக்கும் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில், 2013இல் அசிட்டோன் அப்படிச் சவ்வைக் கடந்து வந்ததைக் கண்காணிப்புக் கருவிகள் காட்டிக்கொடுத்தன. கண்ணாடிக் குடுவை கழுவப் பல ஆய்வுக்கூடங்களும் புழங்கும் அதே அசிட்டோன்தான். சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம் சாக்கடைக் குழாய்களில் ஆவியாகும் கரிமப் பொருள்களை உணரும் கருவிகளைப் பொருத்தியிருக்கிறது. கருவி எச்சரிப்பது ஊற்றிய பிறகுதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

செலவு பற்றிய புகாரில் நியாயம் இருக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனத்தை அழைத்துக் கழிவைக் கொடுப்பது, சிறிய ஆய்வுக்கூடத்துக்கும் பள்ளிக்கும் சுமைதான். எரித்தால் போயிற்று என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பாதரசம் எரியாது, ஆவியாகிப் புகைபோக்கியைத் தேடும். சுமையைக் குறைக்கும் நேர்வழி, கழிவையே குறைப்பது. பள்ளிச் சோதனையில் வெள்ளி நைட்ரேட்டோ ஈய நைட்ரேட்டோ சேர்க்கும்போது வீழ்படிவின் நிறம் தெரிய அரைக்குழாய் திரவம் வேண்டாம், சில சொட்டுகளே போதும். மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டரை லிட்டர் போத்தலை வாங்கி, கால்பங்கைப் பயன்படுத்திவிட்டு மீதியைப் பத்தாண்டு பூட்டிவைக்கும் வழக்கம்தான் உண்மையில் விலை கூடியது. வேதிப்பொருளை வாங்க ஒப்புதல் கேட்கும் படிவத்திலேயே, அதை அகற்ற ஆகும் செலவையும் அதற்குப் பொறுப்பானவர் பெயரையும் எழுத ஒரு கட்டம் வைக்கலாம். அது நிரப்பப்படாத படிவத்தில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.