கண்காணிக்கப்படும் இயற்கைத் தணிவு

கண்காணிக்கப்படும் இயற்கைத் தணிவு என்பது, எரிபொருள் கசிவு போன்றவற்றால் மாசடைந்த நிலத்தடி நீர் இயற்கையான செயல்முறைகளால் தூய்மையடைவதைத் தொடர்ச்சியான அளவீடுகள் மூலம் உறுதிப்படுத்தும் ஒரு தூய்மையாக்க முறையாகும். மாசடைந்த நீரை இறைத்துச் சுத்திகரித்தல், மண்ணை அகழ்ந்து அகற்றுதல் ஆகியவற்றை விட இதற்குச் செலவு பொதுவாகக் குறைவு. ஆனால் பல ஆண்டுகளோ, சில இடங்களில் பல பத்தாண்டுகளோ தேவைப்படலாம். ஐக்கிய அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இம்முறைக்கான வழிகாட்டலை 1999 இல் வெளியிட்டது. மாசு குறைகின்றது என்பதற்குச் சான்று இல்லாமல் காத்திருப்பது இம்முறையில் அடங்காது.

மாசு பரவும் விதம்

நிலத்தடித் தொட்டியிலிருந்தோ குழாயிலிருந்தோ கசியும் பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய் ஆகியவை மண்ணின் ஊடாகக் கீழிறங்குகின்றன. நீரைவிட இலேசானவை என்பதால் இவை நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும் அதன்மேல் மிதந்து தேங்குகின்றன. இத்தேக்கத்திலிருந்து பென்சீன், தொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய சேர்மங்கள் சிறிது சிறிதாக நீரில் கரைந்து, நீரோட்டத்தின் திசையில் செல்கின்றன. இவ்வாறு நீண்டு செல்லும் மாசடைந்த பகுதி மாசுத்தாரை எனப்படுகின்றது. பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. குடிநீரில் அதன் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல். எனவே மாசுத்தாரை அருகிலுள்ள குடிநீர்க் கிணற்றை எட்டுமா, எட்டுமுன் நின்றுவிடுமா என்பதே முதன்மையான கேள்வியாகும்.

தணிவுச் செயல்முறைகள்

நீரில் கலந்து செறிவு குறைதல், மண் துகள்களில் ஒட்டிக்கொள்ளுதல், ஆவியாதல் ஆகியவை மாசின் செறிவைக் குறைக்கின்றனவே தவிர அதனை அழிப்பதில்லை. மாசை உண்மையில் அழிப்பவை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஆகும். இவை ஐதரோகார்பன்களை உணவாகக் கொண்டு கார்பனீராக்சைடாக மாற்றுகின்றன. விலங்குகள் மூச்சுவிட ஆக்சிசனைப் பயன்படுத்துவது போலவே நுண்ணுயிர்களும் முதலில் நீரில் கரைந்துள்ள ஆக்சிசனைப் பயன்படுத்துகின்றன. அது தீர்ந்தபின் நைத்திரேட்டு, மாங்கனீசு ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு, சல்பேட்டு ஆகியவற்றை ஏறக்குறைய இவ்வரிசையில் பயன்படுத்துகின்றன. இவையும் இல்லாதபோது மீத்தேன் வளிமம் உருவாகும் வழியில் சிதைவு நிகழ்கின்றது. ஆக்சிசன் இல்லாத நிலையில் சிதைவு பெரும்பாலும் மெதுவாகவே நடைபெறும்.

பெமிட்சி ஆய்வுக்களம்

மினசோட்டா மாநிலத்தின் பெமிட்சி நகருக்கு அருகில் 1979 ஆகத்து 20 அன்று கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்து, ஏறத்தாழ 17 இலட்சம் லிட்டர் எண்ணெய் வெளியேறியது. தூய்மையாக்கப் பணிகளுக்குப் பின்னரும் சுமார் 4 இலட்சம் லிட்டர் எண்ணெய் நிலத்தில் எஞ்சியது. ஐக்கிய அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 1983 முதல் இவ்விடத்தில் ஆய்வு செய்து வருகின்றது.

இங்குக் கரைந்த ஐதரோகார்பன்கள் நிலத்தடி நீரின் வேகத்தில் பரவவில்லை. இரும்பு ஆக்சைடைப் பயன்படுத்தும் நுண்ணுயிர்கள் ஆக்சிசன் இல்லாத நிலையிலும் அவற்றைச் சிதைப்பது 1980களின் இறுதியில் அறியப்பட்டது. ஆனால் மண்ணிலுள்ள இந்த இரும்பின் இருப்பு வரம்புடையது. பொதுவான அளவீடுகளில் நிலையாகத் தோன்றிய மாசுத்தாரை, நெருக்கமாக எடுக்கப்பட்ட மாதிரிகளில் இரும்பு தீரத்தீர மெல்ல விரிவடைவது தெரியவந்தது. ஒரு காலத்தில் நிலையாக உள்ள மாசுத்தாரை என்றும் அவ்வாறே இருக்கும் எனக் கொள்ளவியலாது என்பதை இது காட்டுகின்றது.

கண்காணிப்பு

கண்காணிப்புக் கிணறுகள் நான்கு வகை இடங்களில் அமைக்கப்படுகின்றன: மாசுக்கு முந்தைய தூய நீர்ப்பகுதி, கசிவு நிகழ்ந்த இடம், மாசுத்தாரையின் நெடுக்கு, அதன் முனைக்கு அப்பாலுள்ள பகுதி. கடைசி வகைக் கிணறுகளில் மாசு தென்பட்டால் அது குடிநீர்க் கிணறுகளை நோக்கி நகர்வதற்கான முன்னெச்சரிக்கை ஆகும்.

பென்சீனின் அளவு குறைவது மட்டும் போதிய சான்று ஆகாது. மழைக்காலத்தில் நீர் பெருகி மாசு நீர்த்துப்போவதாலும் அது குறையலாம். ஆகவே ஆக்சிசன், நைத்திரேட்டு, சல்பேட்டு ஆகியவை குறைந்துள்ளனவா, கரைந்த இரும்பும் மீத்தேனும் கூடியுள்ளனவா என்பனவும் அளக்கப்படுகின்றன. இம்மாற்றங்கள் நுண்ணுயிர்களின் செயற்பாட்டைக் காட்டும் தடயங்கள் ஆகும்.

வரம்புகள்

பெட்ரோலில் சேர்க்கப்பட்டு வந்த எம்டிபிஇ என்னும் சேர்மம் நீரில் எளிதில் கரைந்து, மெதுவாகச் சிதைவதால் பென்சீனைவிடத் தொலைவு செல்லக்கூடியது. வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறைகளில் நீரின் பாதையைக் கணிப்பது கடினம் என்பதால் அங்குக் கண்காணிப்பு நம்பகமாக அமைவதில்லை. குடிநீர்க் கிணறுகள் மிக அருகில் உள்ள இடங்களுக்கு இம்முறை தனித்துப் பொருந்தாது. கசிவை நிறுத்துதல், மிதக்கும் எண்ணெயை இயன்றவரை அகற்றுதல், மாசு விரிவடைந்தால் மேற்கொள்ள மாற்றுத் திட்டம் வைத்திருத்தல் ஆகியவை இம்முறையுடன் சேர்ந்தே செய்யப்பட வேண்டியவை.

சிதைவின் பக்கவிளைவுகளும் உள்ளன. பெமிட்சியில் இரும்பு ஆக்சைடுடன் ஒட்டியிருந்த இயற்கையான ஆர்சனிக், இரும்பு கரைந்தபோது நீரில் கலந்தது. மாசுத்தாரையின் உள்ளே அதன் அளவு லிட்டருக்கு 230 மைக்ரோகிராம் வரை காணப்பட்டது. குடிநீருக்கான வரம்பு 10 மைக்ரோகிராம் ஆகும். எனவே எரிபொருள் சேர்மங்களை மட்டும் அளந்து நீர் பாதுகாப்பானது என முடிவு செய்தல் தவறாகும்.