எருக்கும் வண்ணத்துப்பூச்சியும்

நுழையும்முன்

வண்ணத்துப்பூச்சியைக் கண்டு மகிழாதார் இலர். ஆயினும், அது எச்செடியில் முட்டையிடுகிறது என்பதை அறிந்தோர் சிலரே. உற்றுநோக்கலும் ஒளிப்படப் பதிவும் அதன் வாழ்வைக் காக்க எவ்வாறு துணைசெய்யும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மாறிய நிலம்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகள் ஏரிப்பாசனத்தை நம்பிய வேளாண் நிலங்களாக விளங்கின. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்துத் தொழிற்சாலை அமைந்தது. அதனைத் தொடர்ந்து சிப்காட் தொழிற்பூங்காக்கள் பெருகின. மகிழுந்து, சரக்குந்து, இருசக்கர ஊர்தி, கைப்பேசி ஆகியன இங்கு உருவாகின்றன. பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளிக்கும் இவ்வளர்ச்சியினூடே வயல்வரப்பும் மேய்ச்சல் நிலமும் புதர்க்காடும் சுருங்கின. எஞ்சிய ஏரிக்கரைகளும் சாலையோரங்களும் சுற்றுச்சுவரை ஒட்டிய வெற்றிடங்களுமே வண்ணத்துப்பூச்சிகளுக்குப் புகலிடமாகின்றன.

செடியே தாய்வீடு

பெண் வண்ணத்துப்பூச்சி தன் கால்களால் இலையைத் தொட்டுச் சுவையறிந்த பின்னரே முட்டையிடும். புழு உண்ணத்தக்க செடியை அது தவறாது தேர்ந்தெடுக்க வேண்டும். ஏனெனில், பிற செடியில் பிறந்த புழு பட்டினியால் மடியும். எலுமிச்சை அழகியின் புழு எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலை ஆகியவற்றை உண்ணும். கொன்னை வெள்ளையனுக்குச் சரக்கொன்றை உணவாகும். செம்மஞ்சள் நிறமுடைய வெந்தய வரியனோ எருக்கை நாடும். எருக்கிலையின் நஞ்சைப் புழு தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. அந்நஞ்சு சிறகு முளைத்த பின்னும் நீடிப்பதால், ஒருமுறை சுவைத்த பறவை மறுமுறை அதனைத் தீண்டுவதில்லை.

தேன்தரும் பூச்செடி வண்ணத்துப்பூச்சிக்கு விருந்தளிக்கும். உணவுத்தாவரமே அதன் தலைமுறையை வளர்க்கும். எருக்கைக் களையென வெட்டியெறிந்து, அவ்விடத்தில் அழகுப்புல் வளர்த்தால், பசுமை இருக்கும். வெந்தய வரியன் இராது. புதர்களுக்குத் தீயிடுவதும் பூச்சிக்கொல்லி தெளிப்பதும் முட்டையையும் புழுவையும் கூட்டுப்புழுவையும் ஒருசேர அழிக்கின்றன.

படம் சான்றாகும் முறை

வண்ணத்துப்பூச்சி குளிர்குருதி உயிரி. காலைவேளையில் அது சிறகை விரித்து வெயில் காயும். அப்பொழுது மெல்ல நெருங்கலாம். நெருங்குவோரின் நிழல் அதன்மீது விழலாகாது. சிறகின் மேற்புறமும் அடிப்புறமும் வேறுபட்ட கோலங்கள் கொண்டவை. ஆதலால் இருபுறமும் படமெடுத்தல் இனங்காண உதவும். அமர்ந்துள்ள செடியையும் தனியே படமெடுத்தல் நன்று. நாளும் இடமும் குறிக்கப்பெற்ற படமே சான்றாகும். படத்திற்காகப் பூச்சியைப் பிடித்தலும் செடியைப் பறித்தலும் கூடா. கைபட்டால் சிறகின் நுண்செதில்கள் உதிரும்.

எண்ணினால் அறியலாம்

செருமனியில் கிரேபெல்ட் நகரப் பூச்சியியல் கழகத்தினர் 1989 முதல் 27 ஆண்டுகள் காப்பிடங்களில் பறக்கும் பூச்சிகளைச் சேகரித்து எடையிட்டனர். அவற்றின் மொத்த எடை 75 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்திருந்தமை 2017இல் வெளியாயிற்று. அவர்களுள் பெரும்பாலோர் ஆர்வத்தால் இணைந்தவர்களே. அமெரிக்காவில் 2000 முதல் 2020 வரையிலான கணக்கெடுப்புகளைத் தொகுத்தபோது, வண்ணத்துப்பூச்சிகளின் எண்ணிக்கை 22 விழுக்காடு குறைந்திருந்தது. பிரித்தானியாவில் 1976 முதல் தன்னார்வலர்கள் குறித்த வழித்தடங்களில் நடந்து வண்ணத்துப்பூச்சிகளை எண்ணி வருகின்றனர். தொடர்ந்து பதிவுசெய்தோர் இருந்தமையாலேயே இவ்விழப்புகள் உலகுக்குத் தெரிந்தன. முன்னைய நிலை பதிவாகாத நிலத்தில் எது மறைந்தது என்று கூறவியலாது.

இந்தியாவில் 2020 முதல் செப்டம்பர் மாதம் வண்ணத்துப்பூச்சி மாதமாகக் கொண்டாடப்படுகிறது. பொதுமக்கள் எடுத்த படங்கள் அம்மாதத்தில் இணையத் தரவுத்தளங்களில் சேர்க்கப்படுகின்றன. தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊரின் மாணவர் ஒருவர், அதே ஏரிக்கரையில் வாரம் ஒருமுறை நடந்து, கண்டவற்றைக் குறித்துவந்தால், ஓராண்டில் அவ்வூரின் முதற்பதிவேடு உருவாகக்கூடும். எவ்வெருக்குப் புதரை விட்டுவைக்க வேண்டும் என்பதை ஊராட்சிக்கும் தொழிற்சாலைக்கும் எடுத்துரைக்க அப்பதிவேடே ஆதாரமாகும்.

தெரிந்து தெளிவோம்

மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழும் ‘தமிழ் மறவன்’, 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பெற்றது.