குழந்தையே நிரப்பும் குடம்

“நீர் கொஞ்சம் கம்மியா இருக்கு” என்று ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்னால் போதும், வீட்டில் இளநீரும் பழச்சாறும் வரிசைகட்ட ஆரம்பித்துவிடும். கர்ப்பிணி குடிப்பதெல்லாம் நேரே பனிக்குடத்துக்குப் போய்ச் சேர்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்தக் குடத்தைப் பெரும்பாலும் நிரப்புவது உள்ளே இருக்கும் குழந்தைதான். அதுவும் தன் சிறுநீரால்.

முகம் சுளிக்க வேண்டியதில்லை. குழந்தையின் கழிவுகளை நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ரத்தம் வாங்கிக்கொள்வதால், அந்தச் சிறுநீர் ஏறக்குறைய வெறும் தண்ணீர்தான். ஆரம்ப வாரங்களில் தாயின் ரத்தத்திலிருந்து கசியும் நீரே பனிக்குடத்தில் இருக்கும். பிறகு குழந்தையின் சிறுநீரகம் அந்தப் பொறுப்பை ஏற்கிறது. நுரையீரலும் கொஞ்சம் சுரந்து தருகிறது. 10ஆம் வாரத்தில் சுமார் 30 மி.லி. இருப்பது 34ஆம் வாரவாக்கில் 800 மி.லி.யைத் தொடும். நிரப்புகிற குழந்தையே குடித்தும் தீர்க்கிறது. பேறுகாலம் நெருங்கும்போது நாளுக்கு அரை லிட்டர் அளவுக்கு விழுங்கும்.

வரவும் செலவும் குழந்தையின் கையில் இருப்பதால், நீரின் அளவே அதன் உடல்நிலையைச் சொல்லிவிடுகிறது. உணவுக்குழாய் அடைபட்ட குழந்தையால் விழுங்க முடியாது; நீர் கூடும். தாயின் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது குழந்தை அதிகம் சிறுநீர் கழிக்கும், அப்போதும் கூடும். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாவிட்டால் குழந்தையின் உடல், கிடைக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கிவிட்டு, சிறுநீரகத்துக்குக் குறைத்துக்கொள்கிறது. நீர் வற்றத் தொடங்குகிறது. வயிற்றை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீரின் ஆழத்தை அளந்து கூட்டினால் 5 செ.மீ.கூட இல்லையென்றால் குறைவு என்று கணக்கு.

இளநீர் வீண் என்று சொல்லிவிட முடியாது. தாயின் உடலில் நீர்ச்சத்து குறைந்திருந்தால், நன்றாகக் குடிப்பது பனிக்குட நீரையும் ஓரளவு உயர்த்தும். நஞ்சுக்கொடியின் கோளாறை மட்டும் எந்தப் பானமும் சரிசெய்யாது.

அடிபடாமல் காப்பது இந்த நீரின் வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். நுரையீரலை வளர்ப்பதும் இதுதான். சிறுநீரகமே இல்லாமல் உருவாகும் குழந்தைகளைப் பற்றி அமெரிக்க மருத்துவர் ஈடித் பாட்டர் 1946இல் விரிவாக எழுதினார். நீர் இல்லாததால் அவர்களின் நுரையீரல் வளராமல் சிறுத்திருக்கும்.

சுவையும் இதில் கலந்திருக்கிறது. 1995இல் ஆய்வாளர் ஜூலி மென்னெல்லா குழுவினர் சில கர்ப்பிணிகளுக்குப் பூண்டு மாத்திரை கொடுத்து, பரிசோதனைக்காக ஊசியில் எடுத்த அவர்களின் பனிக்குட நீரை வேறு சிலர் முகர்ந்து பார்க்கச் செய்தார்கள். பெரும்பாலான மாதிரிகளில் பூண்டு வாசனை அடித்தது. ரசத்தை முதலில் ருசிப்பது வயிற்றுக்குள்தான் போலிருக்கிறது!

பனிக்குடம் உடைந்ததும் நிறத்தைக் கவனிக்க வேண்டும். தெளிந்த நீரோ வெளிர் மஞ்சளோ இயல்பு; பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம். எந்த நிறமானாலும், வலி வரட்டும் என்று வீட்டில் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும். நேரம் ஆக ஆக, கிருமித்தொற்றுக்கான வாய்ப்பு கூடும்.